பதினாறடித் தரைக்குப் பதினைந்தரை அடிக் கூரை

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் என் குரல் எழும்பாது. பந்தியில் இன்னும் கொஞ்சம் சாம்பார் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு, வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்திருக்கிறேன். ஆனால் கூரை வேலை என்று வந்துவிட்டால் எனக்குத் தயக்கம் கிடையாது. வீட்டின் அகலம் இவ்வளவு, முகட்டின் உயரம் இவ்வளவு என்று சொல்லிவிட்டால், சரிவில் போடுகிற கைமரம் எத்தனை அடி வேண்டும் என்பதை மேலே ஏறாமலேயே சொல்லிவிடுவேன். சுவர் எழும்புவதற்கு முன்பே மரத்தை அறுத்து அடுக்கிவிடுவேன். சுவர் எழும்பிய பிறகு தூக்கி வைத்தால் உட்காரும். எழுபதுகளில் பெரம்பலூரைச் சுற்றி ஓட்டு வீடுகள் நிறையக் கட்டினார்கள். செட்டிகுளத்தில் ஒரு தெருவில் பாதி வீடுகளின் கைமரம் நான் அறுத்ததுதான். ஒன்றும் பொய்த்ததில்லை.

அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. வேலைத்தளத்தில் ஆளுக்கு ஆள் சொல்லி வந்தது. தரையில் கிடக்கிற நீளத்தை எட்டுப் பங்காக்கி ஒரு பங்கைத் தள்ளிவிட வேண்டும். செங்குத்தாக எழும்புகிற உயரத்தில் பாதியை எடுத்து அதோடு சேர்க்க வேண்டும். வருவதுதான் சரிவு மரத்தின் நீளம். செட்டிகுளத்தில் ஒரு வீட்டின் பாதி அகலம் எட்டடி, முகடு நாலடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டில் ஒன்று போனால் ஏழு. நாலில் பாதி இரண்டு. ஆக ஒன்பதடி. சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறவாரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அதைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். பேனாவும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். தூக்கி வைக்கும்போது ஒரு விரல்கட்டை கூடுதலாக வரும். அதை இழைத்துத் தள்ளிவிடுவோம். மரம் என்றால் அப்படித்தான் கூடக் குறைய இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. பெண்ணுக்கு அரியலூர். பெண் பார்க்கப் போனபோது, பெண் பத்தாவது வரைக்கும் படித்திருக்கிறது, பரீட்சையில் கணக்கு மட்டும் போய்விட்டது என்று என் மாமனார் ஒளிக்காமல் சொன்னார். ஐந்தாவது படித்த எனக்கு அது பெரிய படிப்பாகத்தான் பட்டது. ஆனால் கூட வந்திருந்த என் அக்கா வீட்டுக்காரர் அங்கேயே சிரித்துவிட்டார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். நல்ல மனுசன், ஆனால் வாய் சும்மா இருக்காது. அன்றிலிருந்து என் மனைவிக்கு அவர் வைத்த பெயர் ‘கணக்கு டீச்சர்’. அவர் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டேதான் திரும்புவாள். பிறகு ஏதோ வேலை இருக்கிறதென்று எழுந்து போய்விடுவாள்.

அக்காவின் ஊர் ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில், முந்திரிக் காட்டுக்கு நடுவில். எங்கள் அப்பா காலம் வரை நாங்கள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அக்கா வாழ்க்கைப்பட்ட இடமும் அப்படித்தான். அந்தத் தெரு முழுக்கக் கீற்று வேய்ந்த வீடுகள். ஒவ்வொரு மழைக்கும் ஒழுகும், இரண்டு வருசத்துக்கு ஒரு முறை பிரித்து வேய வேண்டும். மாமா முந்திரிக்கொட்டை உடைக்கும் இடத்தில் வேலை பார்த்துச் சேர்த்ததைக் கொண்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வாங்கி வைத்துவிட்டார். அந்தத் தெருவில் அதுதான் முதல் ஷீட் வீடாக இருக்கப் போகிறது. ஷீட்டு வந்துவிட்டது, அதைத் தாங்குவதற்கு மரம் வேண்டுமே.

மரம் என்று அவர்களுக்கு இருந்தது மூன்று பனை. மாமாவின் பங்கில் வந்த துண்டு நிலத்தின் வரப்பில், வைரம் பாய்ந்து நின்ற பழைய பனைகள். வேறு மரம் அவர்களுக்குக் கிடையாது, விலைக்கு வாங்கும் நிலையும் இல்லை. அந்த மூன்றையும் சாய்த்துப் போட்டுவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார்கள். புது மாப்பிள்ளையும் பெண்ணும் அக்கா வீட்டுக்கு விருந்துக்கு வரவேண்டிய முறை வேறு பாக்கி இருந்தது. இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று மாமா சொல்லி அனுப்பியிருந்தார். விருந்துக்கு வரும்போது மரம் செதுக்கும் வாய்ச்சியையும் உளியையும் எடுத்து வரச் சொன்ன வீடு அது ஒன்றுதான் இருக்கும். நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, தோளில் கருவிச் சாக்கோடு பஸ் ஏறினேன். ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறும்போது பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவளும் சிரித்தாள்.

போய் இறங்கியதும் வேலையைத்தான் பார்த்தேன். மண்சுவர் வீடு. பின்சுவர் முடிந்திருந்தது. முன்சுவர் அதே மட்டம் வரை வந்து நின்றிருந்தது. ஷீட் கூரைக்கு முகடு கிடையாது, முன்னாலிருந்து பின்னால் ஒரே சரிவு. அதற்கு முன்சுவர் இன்னும் மூன்றடி எழும்ப வேண்டும். மண்சுவரை நினைத்த வேகத்தில் எழுப்ப முடியாது. ஒரு அடுக்கு வைத்து அது காய்ந்த பிறகுதான் அடுத்த அடுக்கு. அதுவரை மரத்தை அறுக்காமல் வைத்திருக்கவும் முடியாது. பனை அறுக்க வந்திருந்தவர் மறுநாள் திருமழபாடிப் பக்கம் போக வேண்டியவர். போனால் எப்போது திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது. அன்றைக்கே அறுத்தாக வேண்டும்.

பனையில் ஒரு சங்கடம் உண்டு. மற்ற மரத்தைப் பிளந்த பிறகு நீளத்துக்கு நறுக்கலாம். பனையை முதலில் உருளையாக நீளத்துக்கு அறுத்துவிட்டுத்தான் ஆப்பு வைத்துப் பிளப்பார்கள். உள்ளே இருக்கும் சோறு போன்ற பகுதியைச் செதுக்கித் தள்ளினால், ஓரத்து வைரம் மட்டும் கைமரமாக நிற்கும். அதனால் ஒரு அறுப்புத் தப்பானால் அந்த உருளையிலிருந்து வரும் அத்தனை கைமரமும் தப்பு. ஒட்டுப் போடவும் முடியாது.

பனை அறுப்பவர் கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்திலிருந்து நுனி வரை தட்டிக்கொண்டே போனார். சத்தம் மாறுகிற இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். மூன்று மரமும் கிட்டத்தட்ட ஒரே வளர்த்தி. முப்பத்தேழு அடி வரை வைரம், அதற்கு மேல் ஆகாது என்று சொல்லிவிட்டார். மரத்துக்கு இரண்டு உருளை கட்டாயம் வேண்டும், அப்போதுதான் அந்த வீட்டை மூடும் அளவுக்குக் கைமரம் தேறும். மாமா என்னைப் பார்த்தார். பனை அறுப்பவரும் பார்த்தார்.

நான் முன்சுவரின் வெளி விளிம்பிலிருந்து பின்சுவரின் வெளி விளிம்பு வரை டேப் பிடித்தேன். பதினாறடி. எழும்ப வேண்டியது மூன்றடி. வாய்க்குள் கணக்குப் போட்டேன். பதினாறில் எட்டில் ஒன்று இரண்டு, தள்ளினால் பதினாலு. மூன்றில் பாதி ஒன்றரை. பதினைந்தரை. முன்னால் ஓரடி, பின்னால் ஓரடி இறவாரம். நிமிர்ந்து பார்த்து, சத்தமாகவே சொன்னேன், பதினேழரை அடி என்று. அந்த ஒரு விசயத்தில்தான் என் குரல் நன்றாக வரும்.

மாமாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பதினேழரை இரண்டு முறை முப்பத்தைந்து. மரத்துக்கு இரண்டடி மிச்சம். அந்த மிச்சத்தில் அக்கா உட்கார்ந்து முந்திரி உடைக்க ஒரு முக்காலி செய்துவிடலாம் என்று அவர் அப்போதே கால்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். பனை அறுப்பவர் பதினேழரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். சாப்பிட்டுவிட்டு அறுக்கலாம் என்று எல்லோரும் எழுந்தோம்.

அக்கா நாட்டுக்கோழி அடித்திருந்தாள். மாமா, நான், பனை அறுப்பவர், அவருடைய தம்பி நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். அக்காவும் என் மனைவியும் பரிமாறினார்கள். புதுப்பெண் ஆண்களிடம் நேராகப் பேச மாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நாத்தனாரிடம் சொல்வதுபோல் சொல்வாள். என் மனைவியும் குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“அண்ணி, நம்ம வூட்டுத் தரை பதினாறடிதானே? அதுக்கு மேல சாஞ்சு போற மரம் பதினஞ்சரைன்னு சொன்னாங்க. தரையவிட மரம் குட்டையா இருக்குமா?”

நான் வாய்க்குள் முணுமுணுத்ததை அவள் கேட்டிருக்கிறாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்வதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

“டீச்சரம்மா வந்துட்டாங்கப்பா. ஊர்ல பாதி வூட்டுக்குக் கூரை போட்டவன் சொல்றான், கணக்குல கோட்டை விட்டுட்டு வந்தவங்க தப்புங்கிறாங்க. கோழிய வைங்க, டீச்சரம்மா.”

பனை அறுப்பவரின் தம்பி சிரித்துவிட்டார். நானும் ஏதோ சொன்னேன். அது எட்டில் ஒன்று தள்ளுகிற கணக்கு, உனக்குத் தெரியாது என்று தாழ்ந்த குரலில் சொன்னதாக நினைவு. அவள் குழம்பை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் சோற்றைப் பிசைந்தேன். எனக்கு என் கணக்கில் சந்தேகம் இல்லை. கூட்டல் கழித்தல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் என் கணக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பது இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் உறைத்தது. அவள் தரையைப் பற்றிக் கேட்டாள். பதினைந்தரை அடி மரத்தைத் தரையில் படுக்க வைத்தாலே இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு எட்டாது. சாய்த்துத் தூக்கினால் எப்படி எட்டும்? இறவாரத்துக்கு இரண்டடி சேர்த்துப் பதினேழரை என்று சொன்னதால் அது யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை. இறவாரத்துக்குக் கொடுத்த இரண்டடியில் ஒரு பங்கைச் சரிவே தின்றுவிடும். ஷீட்டைக் கொஞ்சம் நீட்டிவிடலாம்தான், ஆனால் தாங்க மரம் இல்லாமல் நீட்டினால் காற்றில் உடையும். ஐப்பசி மழை இறவாரம் பத்தாத மண்சுவரில் ஒரு வாரம் அடித்தால் போதும். அடிச்சுவர் கரைந்து, அவ்வளவு கனமான ஷீட்டோடு வீடு உட்கார்ந்துவிடும்.

இலையை மடித்துவிட்டு எழுந்தேன். மற்றவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு முந்திரி மர நிழலில் சாய்ந்தார்கள். பட்டப்பகலில் அக்கா வீட்டில் வைத்துப் பெண்டாட்டியைத் தனியாகக் கூப்பிட எனக்கு வெட்கம். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று அடுப்படி வாசலில் நின்று சொன்னேன். பானையில் தண்ணீர் இருக்கிறதே என்றாள் அக்கா. கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, குடத்தை என் மனைவியின் கையில் கொடுத்து அனுப்பினாள்.

கிணற்றடியில் அவளிடம் கேட்டேன். அப்படியானால் எவ்வளவு என்று உனக்குத் தெரியுமா? அவள் கோபமாகத்தான் இருந்தாள்.

“பெயிலானவகிட்ட எதுக்குக் கேக்குறீங்க?”

அதற்குள் பனை கிடந்த பக்கம் ரம்பத்துக்கு அரம் போடும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் அவளே குடத்தைக் கீழே வைத்தாள். ஒரு குச்சியை எடுத்து ஈர மண்ணில் கோடு கிழித்தாள். தரைக்கு ஒரு கோடு. அதன் நுனியில் நேராக நிற்கிற மாதிரி உயரத்துக்கு ஒரு கோடு. இரண்டையும் சேர்த்துச் சாய்வாக ஒன்று.

அவள் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். தரை நீளத்தை அதே எண்ணால் பெருக்கு. உயரத்தை அதே எண்ணால் பெருக்கு. இரண்டையும் கூட்டு. வந்ததை எந்த எண் தன்னாலேயே பெருகித் தருகிறதோ, அதுதான் சாய்வு. மூலை மட்டும் சரியான மூலையாக இருக்க வேண்டும், சுவர் தரைமேல் நிற்கிற மாதிரி. அவ்வளவுதான். எட்டும் இல்லை, பாதியும் இல்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை வைத்துச் சோதித்தேன். அஸ்திவாரத்துக்கு மூலை போடும்போது கயிற்றில் மூன்றடி, நாலடி, ஐந்தடி பிடிப்போம். நாலு தரை, மூன்று உயரம் என்றேன். பதினாறும் ஒன்பதும் இருபத்தைந்து, அஞ்சஞ்சு இருபத்தைந்து என்று அவள் நிறுத்தாமல் சொன்னாள். என் வழியில் போட்டேன். நாலில் எட்டில் ஒன்று போக மூன்றரை, மூன்றில் பாதி ஒன்றரை, ஐந்து. இரண்டும் ஒன்றுதான். அப்படியானால் என் வழியும் சரிதானே, எங்கே பிரிகிறது?

அடுத்து செட்டிகுளத்துக் கணக்கைச் சொன்னேன். எட்டுத் தரை, நாலு உயரம், என் வழியில் ஒன்பது. அவள் குச்சியால் எழுதினாள். அறுபத்துநாலும் பதினாறும் எண்பது. ஒன்பதொன்பது எண்பத்தொன்று. ஒன்பதுக்கு ஒரு துளி கம்மி வருது என்றாள்.

அந்த ஒரு துளி எனக்குத் தெரியும். வருசக்கணக்காக நான் இழைத்துத் தள்ளிய விரல்கட்டை அதுதான். மரத்தின் குணம் என்று நினைத்திருந்தேன். மரத்தின் மேல் குற்றமே இல்லை. எண்பதுக்கும் எண்பத்தொன்றுக்கும் நடுவில் இருந்த சுருளைத்தான் இத்தனை வீட்டு வாசலிலும் இழைப்புளியால் உதிர்த்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கேயே அவள் சொன்னதை நான் முழுசாக நம்பிவிட்டேன். எந்தப் புத்தகம் சொல்லியிருந்தாலும் அப்படி நம்பியிருக்க மாட்டேன், என் கை அறிந்த அளவு அதில் இருந்தது.

பதினாறுக்கும் மூன்றுக்கும் போடு என்றேன். இருநூற்று ஐம்பத்தாறும் ஒன்பதும், இருநூற்று அறுபத்தைந்து. பதினாறுக்கு மேல், பதினேழுக்குக் கீழே. பதினாறேகாலை வைத்துப் பெருக்கிப் பார்த்தாள், கிட்டத்தட்ட ஒன்று குறைந்தது. பதினாறோடு மூன்றில் ஒரு பங்கை வைத்துப் பார்த்தாள், மிஞ்சியது. மண்ணில் அழித்து அழித்து எழுதினாள், அவசரப்படவே இல்லை. பரீட்சையிலும் இப்படித்தான் எழுதினாளாம். கணக்குத் தெரியாமல் போகவில்லை, பாதித் தாள் எழுதும்போதே மணி அடித்துவிட்டது என்று அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள்.

“மூணு இஞ்சு பத்தாது. நாலு இஞ்சு அதிகம். பதினாறடி மூணரை இஞ்சுன்னு வச்சுக்குங்க. கீழ போகாது.”

இறவாரத்தோடு பதினெட்டடி மூன்றரை அங்குலம். இரண்டு உருளைக்கு முப்பத்தாறடி ஏழு அங்குலம். வைரம் முப்பத்தேழு அடி. நான் இரண்டாம் முறை கூட்டிப் பார்த்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அரையடி கூட்டிச் சொல்ல இடமில்லை. சொன்ன அளவு சரியாக இருந்தாக வேண்டும்.

நான் திரும்பி வந்தபோது அண்ணன் தம்பி இருவரும் முதல் மரத்தின் இரு பக்கமும் உட்கார்ந்து ரம்பத்தை இழுக்க ஆரம்பித்திருந்தார்கள். பதினேழரைக் கோட்டில் பட்டை கீறி, செதில் உதிர்ந்துகொண்டிருந்தது. தெருவிலிருந்து நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஷீட் வீடு எப்படி வரப்போகிறது என்று அந்தத் தெருவுக்கே ஆர்வம். இத்தனை பேர் நடுவில் நான் பேச வேண்டும். பேசுவதற்குப் பதில் போய் ரம்பத்தின் மேல் கையை வைத்துவிட்டேன்.

அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமா எழுந்து வந்தார்.

“என்ன மாப்ள?”

“அறுக்க வேணாம் மாமா. அளவு பதினெட்டடி மூணரை இஞ்சு.”

“பதினேழரைன்னு நீதானே சொன்ன? இப்ப இது யாரு அளவு?”

“அவ போட்ட அளவு.”

மாமா வேடிக்கை பார்க்க வந்தவர்களைப் பார்த்தார். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கிடக்கிற மூன்று மரமும் அவருடையது, அவருக்கு வேறு கிடையாது. அவர் முகம் சின்னதாகிவிட்டது. இத்தனை வீட்டுக்கு ஓடிய கணக்கு இன்றைக்கு எப்படி மாறும், புதுப் பெண்டாட்டி சொன்னாள் என்பதற்காக என் மரத்தில் விளையாடாதே என்றார். அதில் கேலி இல்லை, பயம்தான் இருந்தது. பனை அறுப்பவர் ரம்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, குடும்பத்துக்குள்ள பேசி முடிங்க, எனக்கு நிழல் இருக்கு என்றார்.

நான் சொல்லி விளங்க வைக்கிறவன் இல்லை. செய்து காட்டத் தெரிந்தவன். முந்திரிக்கொட்டை காய வைக்கிற களம் மட்டமாகச் சாணி மெழுகிக் கிடந்தது. கயிற்றில் மூன்று, நாலு, ஐந்து பிடித்து ஒரு மூலை போட்டேன். ஒரு பக்கம் பதினாறடி அளந்து ஆப்பு அடித்தேன். மறுபக்கம் மூன்றடி அளந்து ஆப்பு அடித்தேன். வீட்டுத் தரையும் முன்சுவரில் எழும்பப்போகிற மூன்றடியும் களத்தில் படுத்துக் கிடக்கிற மாதிரி. கீழே மரம் இல்லை, வெறும் களம்தான், ஆனால் அங்கே கிடக்கப்போகிற மரத்தின் நீளம் அந்த இரண்டு ஆப்புக்கும் நடுவில் இருந்தது. டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையை மாமாவிடமே கொடுத்து, இழுத்துப் பிடித்து நீங்களே படியுங்கள் என்றேன். தரையோடு கிடந்ததால் டேப் தொய்யவில்லை.

மாமா குனிந்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார். டேப்பின் கோடுகளை விரலால் எண்ணினார். அடுப்படி வாசலில் அக்காவும் என் மனைவியும் நின்றிருந்தார்கள்.

“பதினாறு... மூணு இஞ்சத் தாண்டுது. மூணரைக்கு வரல.”

பதினைந்தரை எங்கே வருகிறது என்று நான் டேப்பில் விரல் வைத்துக் காட்டினேன். ஆப்புக்கு முக்கால் அடி முன்னாலேயே நின்றது. மாமா அந்த இடத்தைக் காலால் தேய்த்தார். பிறகு நிமிர்ந்து பனை அறுப்பவரைப் பார்த்து, நான் அப்பவே நெனச்சேன், தரையவிட மரம் எப்படிண்ணே குட்டையா இருக்கும் என்றார். பனை அறுப்பவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஆமாமா, கோழி திங்கும்போதே ஒங்க மொகத்துல தெரிஞ்சுச்சு என்றார். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அறுத்தார்கள். ரம்பம் தின்னும் தூளுக்கு ஒரு அங்குலம் போக, நுனியில் நாலு அங்குலம் நின்றது. முக்காலிப் பேச்சு போன இடம் தெரியவில்லை. மூன்று மரமும் அறுத்து முடிக்கும்வரை மாமா ஒவ்வொரு அறுப்புக்கும் பக்கத்தில் நின்றார். கேலி ஒன்றும் வரவில்லை.

அவர்கள் அறுத்துக்கொண்டிருந்தபோது நான் என் பழைய வழியை மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். அது கெட்ட வழி இல்லை. ஓட்டுக் கூரை நல்ல சரிவாக நிற்கும், இல்லாவிட்டால் ஓட்டுக்குள் மழை ஏறும். அந்தச் சரிவுக்கென்றே யாரோ ஒரு கெட்டிக்காரர் சமைத்த வழி அது. அதற்குள் வைத்திருக்கும் வரை ஒரு விரல்கட்டைக்கு மேல் பிசகாது. ஷீட் வந்த பிறகுதான் இப்படிப் படுத்த கூரைகள் எங்கள் பக்கம் வந்தன. உயரமே இல்லாத மொட்டைக் கூரைக்கு என் வழியைப் போட்டுப் பார்த்தேன். பதினாறடித் தரைக்குப் பதினாலு அடி என்றது. தனக்குத் தெரியாத இடத்தில் அது வாய் கூசாமல் பொய் சொல்கிறது. அவள் வழியைப் போட்டேன். பதினாறடித் தரைக்குப் பதினாறடி என்றது. அதன் பிறகு நான் ஓட்டு வீட்டுக்கும் அவள் வழியைத்தான் போட்டேன். பெருக்கல் எனக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். வந்த பிறகு இழைக்க ஒன்றும் மிஞ்சாது.

முன்சுவர் மூன்றடி எழும்பிக் காய்வதற்குப் புரட்டாசி ஆகிவிட்டது. நாங்கள் மறுபடியும் போனோம். இந்த முறை பட்டு வேட்டி இல்லை. செதுக்கி வைத்திருந்த கைமரங்களில் முதலாவதை நானும் மாமாவும் இரண்டு பக்கமும் தூக்கி ஏற்றினோம். தெருவே நின்று பார்த்தது. முன்சுவரில் ஓரடி வெளியே நீட்டி வைத்துவிட்டு, பின்சுவர்ப் பக்கம் போய் டேப் பிடித்தேன். ஓரடி. மாமா மேலிருந்தே கேட்டார், எவ்வளவு என்று. சொன்னேன். அவர் அடுத்த மரத்துக்குக் கையை நீட்டினார். எல்லாக் கைமரமும் ஏறி, குறுக்குச் சட்டம் அடித்து, ஷீட்டைக் கொக்கி போட்டு முடுக்கி முடித்தபோது பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.

மழை வரும்வரை பொறுக்க அக்காவுக்கு மனசில்லை. ஒரு குடம் தண்ணீர் மொண்டு வந்து ஏணியில் நின்ற என்னிடம் கொடுத்து, உயர்ந்த பக்கத்திலிருந்து ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். தண்ணீர் ஷீட்டின் பள்ளங்களில் கோடு கோடாக ஓடிப் பின்பக்கம் இறங்கியது. எல்லோரும் வீட்டைச் சுற்றிப் பின்னால் ஓடினார்கள். நான் ஏணியிலிருந்து இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது, சுவரிலிருந்து ஓரடி தள்ளி மண்ணில் வரிசையாகக் குழி விழுந்துகொண்டிருந்தது.

மாமா குழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் மனைவி சற்றுத் தள்ளி நின்றாள். அவர் அவளைப் பார்த்து, அடுத்து மாட்டுக்கொட்டகை ஒண்ணு போடணும் தங்கச்சி, பன்னெண்டடித் தரை, ரெண்டடி ஒசரம், நின்னுகிட்டே சொல்ல முடியுமா என்று கேட்டார். நின்றுகொண்டெல்லாம் சொல்ல முடியாது, உட்கார்ந்து போட வேண்டும், நேரம் கொடுங்கள் என்றாள் அவள். அப்போதுதான் கவனித்தேன், அவரிடம் அவள் நேராகவே பேசிவிட்டாள்.

அக்கா அதற்குள் இறவாரத்துக்கு அடியில் போய், சுவரின் அடிப்பக்கத்தை மேலிருந்து கீழாக உள்ளங்கையால் தடவினாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். காய்ந்த மண்தூள்தான் ஒட்டியிருந்தது. அந்தக் கையை அவள் எங்கள் யாரிடமும் காட்டவில்லை. என் மனைவியிடம் நீட்டிக் காட்டினாள்.